சாட்சி சிரிக்கிறார்

சித்திக்குச் சிரிப்பு ஒரு வியாதி.

சந்தோஷத்தில் சிரிப்பதை யாரும் வியாதி என்று சொல்ல மாட்டார்கள். அவளுக்குப் பயந்தாலும் சிரிப்பு வரும், கோபம் வந்தாலும் வரும், யாராவது திட்டினால் பொத்துக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தால் வெளியே நின்றும் சிரிப்பாள். ஒரு சாவு வீட்டில் இறந்தவரின் மனைவியைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லப் போனவள், அந்த அம்மாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சுற்றி இருந்தவர்கள் தாங்க முடியாமல் அழுகிறாள் என்று நினைத்து ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் அதிகமாகிவிட்டது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கூரையில் பலகை வைத்த சின்ன வெள்ளைக் கார். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். தெருவில் போகிறவர்களுக்குக் காரின் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே "கிளட்ச்! கிளட்ச்!" என்ற அவளுடைய குரல் கேட்டுவிடும். அதனால் மாணவர்களுக்கு அவள் கிளட்ச் மேடம். எதிரே லாரி வந்தால் அவளுக்குப் பயத்தில் சிரிப்பு வரும். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர், மேடமே சிரிக்கிறார், அப்படியென்றால் ஆபத்தில்லை என்று தைரியமாக ஓட்டிவிடுவார். அவளிடம் கற்றவர்கள் லைசென்ஸ் பரீட்சையில் தவறாமல் பாஸானதற்கு இதுதான் காரணம் என்று அவளே சொல்வாள்.

வீட்டில் அவளைச் சித்தி என்று கூப்பிட ஒருத்திதான் உண்டு. அவளுடைய அக்கா மகள், வாலு. வாலுத்தனத்துக்காக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அடுக்குமாடிக் கட்டடத்தில் முதல் மாடியில் அக்காவும் மாமாவும் வாலுவும். நேர் மேலே இரண்டாம் மாடியில் சித்தி, தனியாக. அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாமாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டு பேரும் வேலை முடிந்து வர நேரமாகும் என்பதால் பள்ளிக்கூடம் விட்டதும் வாலு சித்தியின் காரில் பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். முன்னால் யாரோ ஒருவர் வியர்த்து வழிந்துகொண்டு கியர் மாற்றக் கற்றுக்கொண்டிருப்பார். இவள் பின்னால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "அங்கிள், இண்டிகேட்டர் போடல" என்பாள்.

அதே கட்டடத்தில் எதிர்ப் பக்கம் கீபோர்டு சார் இருந்தார். வீட்டிலேயே குழந்தைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பார். லிஃப்ட் ரிப்பேரானால் ஆளைக் கூப்பிடுவதும் அவர்தான், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் வந்து கதவைத் தட்டுவதும் அவர்தான். கட்டடத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்ல ஆளில்லை. அக்காதான் வாலுவை அவரிடம் சேர்த்துவிட்டாள். அப்போது வாலுவுக்கு ஒன்பது வயது.

ஒரு சாயங்காலம் ஸ்டியரிங்கில் இருந்தவர் ஒரு பல் டாக்டர். அவருக்குப் பல்லைப் பிடுங்கக் கை நடுங்காது, காரைத் திருப்பத்தான் நடுங்கும். பெரிய நாற்சந்தியை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பின்சீட்டிலிருந்து வாலு கேட்டாள்.

"சித்தி, கீபோர்டு கத்துக்கலன்னா பெரிய தப்பா?"

"தப்பென்னடி? நான் கத்துக்கல. நல்லாத்தானே இருக்கேன்? டாக்டர், கிளட்ச்!"

"அப்ப நான் இனிமே போகல. கிளாஸ் முடிஞ்சாலும் சார் கதவத் திறக்க மாட்டேங்கறாரு."

அதற்குப் பிறகு வாலு இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னாள். எந்தக் குழந்தைக்கும் சொல்ல நேரக் கூடாத இரண்டு வாக்கியம். பென்சிலைச் சீவிக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்.

சித்தி தன் பக்கத்து பிரேக்கை மிதித்த மிதியில் கார் நாற்சந்தியின் நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. டாக்டர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணலயே மேடம்!"

"டாக்டர், இறங்குங்க."

"இங்கயா?"

"இங்கயேதான்."

நாலு பக்கமும் ஹார்ன் அலற, டாக்டர் நடுரோட்டில் இறங்கி நின்றார். சித்தி முன்கதவைத் திறந்து இறங்கி, பின்கதவைத் திறந்து ஏறி, வாலுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஓட்ட ஆளில்லாத கார் ஊரையே மறித்துக்கொண்டு நின்றது. டிராஃபிக் போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். முதலில் டாக்டரைப் பிடித்து ஒரு திட்டு திட்டினார். பிறகு குனிந்து காருக்குள் பார்த்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்தார், சித்தியின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. நிமிர்ந்து நின்று வண்டிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட ஆரம்பித்தார்.

வாலு சொல்லி முடிக்கும்வரை சித்தி குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு செல்லம். உம்மேல ஒரு தப்பும் கிடையாது. இனி அந்தக் கதவுக்குள்ள நீ போகவே வேணாம்" என்றாள். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்சீட்டுக்குத் தாவி, காரைக் கிளப்பி, நேராக அக்கா வேலை செய்யும் இடத்துக்கு ஓட்டினாள். டாக்டரை ஏற்றிக்கொள்ள மறந்தே போனது. அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அக்கா கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்துக் கண்ணாடிக் கடையில் மாமா கேட்டுவிட்டுக் கதவை நோக்கிப் போனார். சித்தி குறுக்கே நின்று, "மாமா, நீங்க அடிச்சா நீங்க உள்ள போவீங்க, அவன் வெளிய இருப்பான். ஸ்டேஷனுக்கு வண்டிய எடுக்கறேன், ஏறுங்க" என்றாள். சித்தி ஓட்ட, அக்காவும் மாமாவும் குழந்தையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போனார்கள்.

கட்டடத்தில் பாதிப் பேர், "அவரா? இருக்கவே இருக்காது" என்றார்கள். மீதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் லிஃப்டில் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழக்கு நடந்தது. வாலு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். டாக்டரும் வந்து தன்னை நடுரோட்டில் இறக்கிவிட்டதை மிகுந்த மனத்தாங்கலோடு சொல்லிவிட்டுப் போனார். பிறகு சித்தியின் முறை.

எதிர்த்தரப்பு வக்கீல் நீளமான ஆள், நீளமான வாக்கியம் பேசுபவர். கடைசியில் அவர் கேட்ட கேள்வி மட்டும் சின்னது. "குழந்தை சொன்னவுடனே நீங்க என்ன செஞ்சீங்க?"

சித்தியின் கண்ணுக்கு நேரே கூண்டில் கீபோர்டு சார். "பிரேக் அடிச்சேன்" என்றாள். சொன்னதும், கையைத் தூக்கிக்கொண்டிருந்த டாக்டர் ஞாபகத்துக்கு வர, பயமும் அதோடு சேர்ந்துகொள்ள, வந்தே விட்டது. வாயைப் பொத்தினாள். மூக்கு வழியாக வந்தது.

வக்கீல் நீதிபதியின் பக்கம் திரும்பி, "இதைப் பதிவு செய்ய வேண்டும் ஐயா" என்றார். பதிவு செய்தார்கள். சாட்சியத்தின் நடுவில் அடைப்புக்குறி போட்டு, சாட்சி சிரிக்கிறார் என்று.

அந்த நீதிமன்றம் வாலு சொன்னதை நம்பியது. கீபோர்டு சாருக்குத் தண்டனை கிடைத்தது, சிறைக்குப் போனார். மேல்முறையீடு செய்தார். சில காலம் கழித்து, மேல்முறையீடு முடியும்வரை என்று ஜாமீனில் வெளியே வந்து, வேறு பக்கம் குடிபோய்விட்டார். வருஷங்கள் ஓடின. வாலு வளர்ந்தாள், சித்தியைவிட ஒரு தலை உயரமானாள், கல்லூரிக்குப் போனாள். வழக்கு எங்கேயோ ஒரு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அரசு வக்கீலம்மா ஃபோன் செய்தார். இவர் புதிதாக வந்தவர், சுருக்கமாகப் பேசுபவர், பேசும்போதே எதையாவது கொறித்துக்கொண்டிருப்பவர். மேல்முறையீடு விசாரணைக்கு வந்துவிட்டது என்றார்.

"அவங்க முக்கியமா என்ன சொல்லப் போறாங்க மேடம்?" என்று சித்தி கேட்டாள்.

ஃபோனில் கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம்.

"உங்க சிரிப்பத்தான்."

சித்தி அன்று இரவு சாப்பிடவில்லை. அக்கா தட்டோடு மாடி ஏறிப் போனாள்.

"அக்கா, என் பல்லு தெரிஞ்சதுக்கு அவன் தப்பிச்சுட்டான்னா, நான் எப்படி அவ மூஞ்சியில முழிப்பேன்?"

"ஒண்ணும் ஆகாது. சாப்பிடு."

"ஆயிடுச்சுன்னா?"

"ஆயிடுச்சுன்னா உன் பல்லையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லிப் பிடுங்கிடலாம். இப்ப சாப்பிடு."

மேல்முறையீட்டில் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள், வக்கீல்கள்தான் பேசுவார்கள், யாரும் வர வேண்டியதில்லை என்று அரசு வக்கீலம்மா சொல்லியிருந்தார். சித்திக்கு உயிர் வந்தது. வாலு அந்த உயிரை வாங்கினாள்.

"நான் போறேன். என்னப் பத்திப் பேசறாங்க. நான் கேக்க வேணாமா?"

"உன்னப் பத்தி இல்லடி, சட்டத்தப் பத்திப் பேசுவாங்க."

"சித்தி, அந்தக் கேஸ் காகிதத்துல முழுக்க என்னைச் சிறுமி சிறுமின்னு எழுதியிருக்காங்க. அந்தச் சிறுமிக்கு ஓட்டுப்போடற வயசு வந்தாச்சுன்னு ஒரு தடவை போய்க் காட்டிட்டு வரேனே."

அவள் போனால் எல்லாரும் போக வேண்டியதுதான். ஆனால் சித்தியை நீதிமன்றத்தில் சிரிக்காமல் எப்படி உட்கார வைப்பது? வீட்டில் பயிற்சி நடந்தது. வாலு நீதிபதியாகக் கட்டில்மேல் உட்கார்ந்துகொள்வாள். மாமா எதிர்த்தரப்பு வக்கீலாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "கனம் நீதிபதி அவர்களே!" என்பார். அந்த 'கனம்' என்ற சொல்லிலேயே சித்தி விழுந்துவிடுவாள். நாக்கைக் கடித்துப் பார்த்தாள். உள்ளங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். மாமாவின் ஜோக்குகளை நினைத்துக்கொள்ளச் சொன்னாள் அக்கா. அவற்றுக்கு இதுவரை யாரும் சிரித்ததில்லை. ஆனால் மாமாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்து மறுபடியும் சிரிப்பு.

விசாரணை நாளன்று நாலு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உயரமான கூரை. சுவரோரம் கட்டுக்கட்டாகக் கோப்புகள். இரண்டு நீதிபதிகள். மூத்தவர் ஒரு ஆண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுபவர். பக்கத்தில் ஒரு பெண் நீதிபதி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார்.

முன் பெஞ்சின் ஓரத்தில் கீபோர்டு சார் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. சட்டை பெரிதாகத் தொளதொளத்தது. சித்தி வாலுவின் கையைப் பிடித்தாள். வாலு அந்த முதுகையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சித்தியின் காதில் ஆச்சரியமாகச் சொன்னாள்.

"சித்தி, இவ்ளோ சின்ன ஆளா இவரு?"

வக்கீல் அதே நீளமான ஆள்தான். வாக்கியங்கள் மட்டும் இன்னும் நீண்டிருந்தன. குழந்தை ஓரிடத்தில் அறையின் திரைச்சீலை பச்சை என்றது, இன்னோரிடத்தில் நீலம் என்றது, ஆகவே சாட்சியத்தில் முரண்பாடு என்றார். பெண் நீதிபதி எழுதுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"அந்தக் குழந்தை அங்க போனது கீபோர்டு கத்துக்க. திரைச்சீலை வாங்க இல்லையே?"

வக்கீல் அடுத்த கட்டத்துக்குத் தாவினார். வந்துவிட்டது அந்த இடம்.

"கனம் நீதிபதி அவர்களே, ஒரு குழந்தை இப்படிப்பட்ட ஒன்றைச் சொன்னால், பெற்ற தாய்க்குச் சமமான சித்தி என்ன செய்திருப்பார்? கதறியிருப்பார். துடித்திருப்பார். இந்தச் சாட்சி என்ன செய்தார்? அவரே சொல்கிறார். பிரேக் அடித்தாராம்! அதையும் எப்படிச் சொல்கிறார்? சிரித்துக்கொண்டே சொல்கிறார்! பதிவிலேயே இருக்கிறது. எங்கள் தரப்புக்கு எதிராக ஜோடிக்கப்பட்ட கதை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?"

மூத்த நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அப்ப கார் ஓடிக்கிட்டு இருந்ததா?"

"ஆமாம் ஐயா."

"ஓடற கார்ல பிரேக் அடிக்காம வேற என்னத்த அடிக்கறது?"

எங்கேயோ ஒரு இளம் வக்கீல் களுக்கென்றார். அது பக்கத்தில் பரவியது. கோப்பு எடுத்துக் கொடுக்கும் ஊழியர் கோப்பாலேயே முகத்தை மறைத்துக்கொண்டார். பெண் நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். கடைசியில் எல்லாரையும் பார்த்து, அந்த நீளமான வக்கீலுக்கே தாங்க முடியாமல் தோள் குலுங்கியது.

மூத்த நீதிபதி அவரையே பார்த்தார்.

"நீங்களும் சிரிக்கறீங்களே. உங்க வாதத்துல உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னு நான் எழுதிக்கலாமா?"

"ஐயா, அது... சூழ்நிலை..."

"அந்தம்மாவுக்கும் ஒரு சூழ்நிலை இருந்திருக்கும்" என்றார் பெண் நீதிபதி, பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு.

நீதிமன்றமே சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சிரிக்காத ஒரே ஆள் சித்திதான். பொலபொலவென்று கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாலு வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சு ஆட ஆடச் சிரித்தாள். மாமா ஒருத்திக்குக் கைக்குட்டையும் இன்னொருத்திக்கு முறைப்பும் கொடுத்தார்.

அரசு வக்கீலம்மா எழுந்து கொஞ்சம்தான் பேசினார். இந்த வழக்கு ஒரு குழந்தையின் வார்த்தையில் நிற்கிறது, அந்த வார்த்தை முதல் நாள் காரில் சொன்னதிலிருந்து நீதிமன்றத்தில் சொன்னதுவரை மாறவில்லை, மற்றதெல்லாம் திரைச்சீலை என்றார். உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பு பிறகு என்று ஒத்திவைத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் மோசம். சித்திக்குச் சிரிப்பே வரவில்லை. லாரி எதிரே வந்தால் வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாணவர்கள் வெலவெலத்துப் போனார்கள். ஒரு பெண் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "மேடம், நீங்க சிரிக்காம இருந்தா எனக்குச் சாகப் போற மாதிரியே இருக்கு" என்று அழுதாள். அக்கா வீட்டில் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். வாலு மட்டும் எப்போதும்போல் இருந்தாள், அல்லது எப்போதும்போல் இருப்பதாகக் காட்டிக்கொண்டாள். ஒரு நாள் குளியலறையிலிருந்து ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. சித்தி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே இருந்து குரல் வந்தது.

"சித்தி, அவங்க இல்லன்னு சொல்லிட்டா, நடந்தது நடக்கலன்னு ஆயிடுமா?"

"ஆகாது. நடந்தது எனக்குத் தெரியும். உங்கம்மாவுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். யாரு என்ன எழுதினாலும் அது மாறாது."

உள்ளே குழாயை மூடுகிற சத்தம்.

"அப்ப சரி. சோப்பு தீந்து போச்சு, ஒண்ணு எடுத்துக் குடு."

தீர்ப்பு நாள் வந்தது. அதே கடைசி பெஞ்சு. மூத்த நீதிபதி வாசித்தார். அவர் குரல் ரொம்ப மெல்லிசு, மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது, முன்னால் யாரோ இருமினார்கள். நாலு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டும் பாதிதான் காதில் விழுந்தது. கடைசியில் ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"...தள்ளுபடி செய்யப்படுகிறது."

மாமா ஆயுசு முழுக்கக் கண்ணாடிக் கடை நடத்தியவர். ஃப்ரேமுக்குத் தள்ளுபடி, லென்சுக்குத் தள்ளுபடி என்று வாசலில் பலகை மாட்டியே பழகியவர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னது, தண்டனையில தள்ளுபடியா? எவ்ளோ தள்ளுபடி?"

"அய்யோ, தள்ளுபடியா?" என்று அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதியா, முழுசாவா?" என்றாள் சித்தி.

அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாலு பேரும் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தார்கள். அரசு வக்கீலம்மா பையிலிருந்து எதையோ எடுத்துக் கொறித்துக்கொண்டே வந்தார். மாமா அவர் வழியை மறித்தார்.

"மேடம், இவ்ளோ பெரிய குத்தத்துக்கு எப்படி மேடம் தள்ளுபடி குடுக்கலாம்?"

வக்கீலம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயில் இருந்தது புரையேறிவிட்டது. சித்திதான் முதுகில் தட்டினாள்.

"சார்! தள்ளுபடி ஆனது அவரோட மேல்முறையீடு. தண்டனையில ஒரு நாள்கூடக் குறைக்கல. ஜாமீன் ரத்து. திரும்ப உள்ள போகணும். நீங்க ஜெயிச்சிட்டீங்க!"

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரைப் பார்த்தார். பிறகு சித்தியின் உள்ளே இத்தனை வாரமாக அடைத்துக்கிடந்தது உடைந்தது. "எவ்ளோ தள்ளுபடின்னு கேட்டீங்களே மாமா!" என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவள்மேல் சாய்ந்தாள். வாலு இரண்டு பேர்மேலும் விழுந்தாள். மாமா மட்டும் கொஞ்ச நேரம் கௌரவமாக நின்று பார்த்தார். பிறகு அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், கண்ணாடியில் ஒன்றுமில்லை. கறுப்பு அங்கி போட்டவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு காவலர் வந்து, "இங்க சத்தம் போடக் கூடாது" என்றார். "மன்னிச்சுக்கங்க சார், எனக்கு வியாதி" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு இன்னும் சிரித்தாள்.

அரசு வக்கீலம்மா தீர்ப்பில் தான் குறித்துவைத்த ஒரு பகுதியை அங்கேயே நின்று படித்துக் காட்டினார். தாங்க முடியாத ஒன்றைக் கேட்ட மனிதர் எந்த முகத்தோடு அதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று சட்டம் எங்கும் வகுக்கவில்லை, சாட்சி சிரித்தார் என்பதால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, இந்தத் தண்டனையைத் தாங்கி நிற்பது அந்தச் சிறுமியின் சாட்சியம் மட்டுமே, அதற்கு வேறு துணை தேவையில்லை என்றும் இருந்தது.

வாலு அந்தப் பக்கத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள்.

"சித்தி, உன் சிரிப்பும் தேவைப்படல, அழுகையும் தேவைப்படல. நான் மட்டுமே போதுமாம்."

"போதும்டி. நீ மட்டுமே போதும்."

அதே நேரத்தில் உள்ளே இருந்து கீபோர்டு சார் வந்தார். பக்கத்தில் நீளமான வக்கீல் எதையோ விளக்கிக்கொண்டே வந்தார். சார் தலை நிமிரவில்லை. வாலு நகரவில்லை. தாழ்வாரத்தின் நடுவிலேயே நின்றாள். அவர்தான் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்.

வெளியே வந்தால் காரைக் காணவில்லை. கூரையில் பலகை வைத்த காரைத் தொலைப்பதற்கு ஒரு திறமை வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் எல்லாக் கார்களும் வெள்ளையாக இருந்தன. நாலு பேரும் வெயிலில் நாலு பக்கம் தேடினார்கள். "எத்தனை பேருக்குப் பார்க்கிங் சொல்லிக்கொடுத்த வாய்!" என்றாள் அக்கா. சித்தி வேறு யாருடைய காரையோ சாவி போட்டுத் திறக்கப் பார்க்க, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் விழித்து அலறினார். கடைசியில் ஒரு லாரிக்குப் பின்னால் இருந்து வாலு கையை ஆட்டினாள்.

சித்திக்குச் சிரிப்பு இன்னும் அடங்காததால் மாமா ஓட்டினார். போகிற வழியில் ஒரு ஐஸ்கிரீம் கடையைப் பார்த்ததும், "நிறுத்துங்க, பசிக்குது" என்றாள் அக்கா. பசிக்கிறது என்று அக்கா சொல்லிக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மாமா நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினார்.

நாலு நாற்காலி போட்ட மேஜை. ஒரு கிண்ணம் முடித்து அக்கா இன்னொன்று கேட்டாள். அதையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"நாந்தானே உன்னக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்."

சித்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வாலு முந்திக்கொண்டாள்.

"அம்மா, நீ கீபோர்டு கத்துக்கத்தான் சேர்த்துவிட்ட. மத்ததெல்லாம் அந்த ஆள் பண்ணினது. கோர்ட்டே சொல்லியாச்சு, நீ புதுசா தீர்ப்பு எழுதாத. அது உருகுது பாரு, சாப்பிடு."

அக்கா மகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு ஸ்பூனை எடுத்தாள்.

இவர்கள் போடுகிற கூத்தைக் கல்லாவிலிருந்து கடைக்காரர் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி அழுகிறாள், சிரிக்கிறாள், அழுதுகொண்டே மூன்றாவது கிண்ணம் கேட்கிறாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிண்ணத்தை அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா விசேஷம்? பிறந்தநாளா?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமா" என்றாள் வாலு.

"யாருக்கு?"

வாலு சித்தியைக் காட்டினாள். சித்தி வாலுவைக் காட்டினாள். அக்கா மாமாவைக் காட்டினாள். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கடைக்காரரையே காட்டினார்.

மாமாவின் ஜோக்குக்கு முதல் தடவையாக எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரரும் ஒன்றும் புரியாமலே சிரித்துவிட்டு, ஒரு மெழுகுவத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே கீபோர்டு சார் சிறைக்குத் திரும்பினார். கட்டடத்தில் லிஃப்டில் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒரு அம்மாள் ஒருநாள் படியேறி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். வாலு படிப்பு முடித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். எந்தப் பெட்டியை எடுத்துப்போவது என்று அம்மாவோடு தினமும் சண்டை. சித்திக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர் ஒரு விமானி. வானத்தில் தைரியமாக இருப்பவர், ரோட்டில் ஆட்டோவைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். அவரைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் அவள் சொல்ல ஆரம்பித்தால் கதை முடிவதற்குள் சாதம் ஆறிவிடுகிறது.